வில்லன் தப்பினால் மேசை கொதிக்காமல் இருக்க
ஆளாளுக்கு ஒரு சூப்பர்ஹீரோ வேடமேற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் மேசை ஆட்டத்தை நீங்கள் நடத்துவதானால், முதல் ஆட்டத்துக்கு 4 பேர், 3 மணி நேரம். கதாபாத்திரத் தாள்கள் 6 தயாராக எடுத்துப்போங்கள். அங்கே உட்கார்ந்து சக்திகளைத் தேர்வு செய்யவிட்டால் பாதிப் பொழுது அதிலேயே போய்விடும். புளோக் கீழ்த்தளத்தில் காற்று அடிக்கும், கிளிப் அவசியம்.

சிக்கல் வில்லன் தப்பும் இடத்தில்தான். காமிக்ஸில் அது மரபு, மேசையிலோ அழுகுணி ஆட்டம். ‘மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்’ என்ற சூப்பர்ஹீரோ மேசை ஆட்டத்தின் விதிப்படி இப்படிப் பின்னடைவு தரும்போது ஆட்டக்காரருக்கு ஒரு ஹீரோ பாயின்ட் கொடுங்கள். பிறகு 20 பக்கப் பகடை சொதப்பினால் அதைச் செலவழித்து மறுபடி உருட்டலாம். கொடுக்காவிட்டால் அடுத்த முறை வில்லனைக் கொல்லத்தான் பார்ப்பார்கள்.

களம் சிங்கப்பூரின் தேக்கா சந்தை என்றால் வெறும் அடிதடி வைக்காதீர்கள். கூரை சரிகிறது, மீன்கடைக்காரர் மாட்டிக்கொண்டார், வில்லன் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குள் ஓடுகிறான். மூன்றில் இரண்டைத்தான் சமாளிக்க முடியும்படி நேரத்தை இறுக்குங்கள்.