ஸ்டென்ட் வைத்த பிறகு மாத்திரையை விட்டுவிடாதீர்கள்

மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் முதலில் சொல்வது இதுதான்: ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரெலோ டிகாக்ரெலரோ எழுதியிருந்தால் இரண்டையும் சாப்பிட வேண்டும். இவை ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகள். ஸ்டென்ட் என்பது இதய ரத்தக்குழாய் அடைபடாமல் இருக்க உள்ளே வைக்கும் ஒரு உலோக வலை. ரத்தக்குழாயின் உள்தோல் அதன்மேல் படர்ந்து மூடும்வரை ரத்தம் அதில் உறையப் பார்க்கும். முதல் 30 நாளில் ஆபத்து அதிகம். மாரடைப்பு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் 12 மாதம் இரண்டையும் தருவார்கள்.

அட்டையில் நாலைந்து மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். டிகாக்ரெலர் காலை ஒன்று, இரவு ஒன்று. இரவு மாத்திரைதான் மறந்துபோகும், படுக்கைப் பக்கத்திலேயே வையுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது.

பல் பிடுங்க வேண்டுமா? இதய டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள் நெஞ்செரிச்சலுக்குத் தாங்களாக ஒமெப்ரசோல் வாங்க வேண்டாம், அது மருந்தின் வேலையைக் குறைக்கும். அப்புறம், ஈறில் லேசாக ரத்தம் கசிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மலம் தார் போலக் கறுத்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நெஞ்சு அழுத்தி வியர்த்துக் கொட்டினால் உடனே 108.