கடினமான ஆங்கிலச் சொற்களை வேர்வழியே கற்கும் முறை
1066இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சு வழியாகவும், பின்னாளில் அறிஞர்களின் எழுத்து வழியாகவும் ஏராளமான லத்தீன் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வந்தமையால், உயர்நிலைச் சொற்களை அகரவரிசையில் மனப்பாடம் செய்வதைவிட வேர்வாரியாகக் கற்பதே பயன் தரும். பேசுதலைக் குறிக்கும் 'லொக்வி' என்னும் லத்தீன் வினையை அறிந்தவர், 'எலொக்வென்ட்' என்பது நாவன்மை உடையவரையும், 'லொக்வேஷஸ்' என்பது ஓயாமல் பேசுபவரையும், 'கொலோக்வியல்' என்பது பேச்சுவழக்கையும் சுட்டுவதை எளிதில் பிடித்துக்கொள்வார். முதலாவது பாராட்டு, இரண்டாவது ஏறக்குறைய வசை. இந்த வேறுபாட்டை வெறும் சொற்பட்டியல்கள் பெரும்பாலும் காட்டுவதில்லை. ஆகவே, கற்போருக்கான அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படித்து, சொல்லை முழு வாக்கியத்தோடு அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். அட்டைகளை மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் எடுத்து, பொருளைப் பார்க்குமுன் நினைவுகூர முயலுங்கள். தவறிய அட்டையை மறுநாள் பார்க்க வேண்டியவற்றோடு சேர்த்துவிடுங்கள்.