ஈரக் குப்பையை வீட்டிலேயே நிறுத்துவோம்: புதுச்சேரி வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

புதுச்சேரியின் வெள்ளை நகரத்துக்கும் தமிழர் பகுதிக்கும் நடுவே ஓடும் பெரிய வாய்க்கால் கடலில்தான் சென்று சேர்கிறது. ஆகவே தெரு வாய்க்காலில் நாம் தள்ளிவிடும் குப்பை, வழியில் அடைத்துக்கொள்ளாவிட்டால் கடலுக்குப் போகும். அடைத்துக்கொண்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வாசலுக்கே திரும்பி வரும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது கொட்டிய மழைக்கு எந்த வாய்க்காலும் போதாது என்பது உண்மையே. ஆனால் ஒரு மணி நேர மழைக்கே தெருவில் முழங்கால் அளவு நீர் நிற்குமானால், அதற்குப் புயலைக் குறை சொல்ல முடியாது.

துணிப்பையைப் பற்றி இங்கே விரித்துச் சொல்லப் போவதில்லை. ஒருமுறை மட்டும் பயன்படும் நெகிழிக் குவளை, கரண்டி, உறிஞ்சுகுழல் முதலியவற்றுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. பை எடுத்துச் செல்லும் பழக்கமும் பலருக்கு வந்துவிட்டது. அதைவிடப் பெரிய வேலை அடுப்படியில் காத்திருக்கிறது. காய்கறித் தோலும் மீன் கழிவும் நெகிழிப் பையோடு கலந்துவிட்டால் தோல் உரமாகாது, பையும் காயலான் கடைக்கு ஆகாது. எனவே முதல் நாளே மூன்று கொள்கலன்களை வைத்துவிடுங்கள். ஒன்று ஈரக் குப்பைக்கு. மற்றொன்று கழுவிக் காயவைத்த பால் உறை, தாள், புட்டி ஆகியவற்றுக்கு. மூன்றாவது, காலாவதியான மாத்திரை, பேட்டரி, உடைந்த பல்பு போன்றவற்றுக்கு. சானிட்டரி நாப்கினைத் தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். அதை வெறுங்கையால் பிரிப்பவரும் ஒரு மனிதர்தான்.

ஈரக் குப்பையை உரமாக்க இரண்டடி உயர மண் தொட்டி போதும். பக்கவாட்டில் சில துளைகளும் அடியில் ஒன்றும் இட்டு, இரண்டு செங்கற்களின் மேல் தூக்கி வையுங்கள். அடியில் தேங்காய் நாரையோ காய்ந்த இலையையோ நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பி, அன்றன்று சேரும் தோலைச் சிறிதாக நறுக்கிப் போட்டு, ஒவ்வொரு முறையும் அதே அளவு அல்லது இரண்டு மடங்கு காய்ந்த இலையால் மூடுங்கள். பூவரசு, வேம்பு, பாதாம் இலைகள் தெருவெங்கும் விழுந்து கிடக்கின்றன. காலையில் பெருக்கிக் குவித்துத் தீ வைக்கிறவர்களிடம் கேட்டால் மூட்டையாகவே தந்துவிடுவார்கள், புகையும் மிச்சம். தொடக்கத்தில் ஒரு குவளை புளித்த மோர் ஊற்றினால் மக்குவது விரைவாகும். வாரத்துக்கு ஒருமுறை கிளறி, ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள்: கை ஈரமாக வேண்டும், நீர் சொட்டக் கூடாது. சொட்டினால், அல்லது நாற்றம் அடித்தால், காற்று போதவில்லை என்று பொருள். காய்ந்த இலையைக் கூடுதலாகச் சேர்த்துக் கிளறினால் சரியாகிவிடும். வெளுத்த புழுக்களைக் கண்டு தொட்டியையே கவிழ்த்துவிடுகிறார்கள். அவையும் குப்பையைத் தின்று மக்கவைப்பவைதான். ஈரத்தைக் குறைத்தால் தாமே குறைந்துவிடும். தொட்டி நிறைந்த பின் சுமார் இரண்டு மாதம் விட்டுவைத்தால் மண்வாசனையோடு கறுத்த உரம் கிடைக்கும். மழைக்காலத்தில் மேலே ஒரு தகரத்தை மூடி வைக்க மறக்க வேண்டாம்.

மீன் உண்ணும் வீடுகளுக்கு இந்தத் தொட்டி போதாது. குடலும் செவுளும் அதில் விழுந்தால் பூனையும் நாயும் இரவெல்லாம் அதைச் சுற்றிவரும். தோட்டம் உள்ளவர்கள் தென்னை அடியில் ஓரடிக்குக் குறையாத பள்ளம் தோண்டிப் புதைக்கலாம். இடமில்லாதவர்கள் மீன் அமிலம் தயாரிக்கலாம்: கழிவின் எடைக்குச் சமமான நாட்டுச் சர்க்கரையை அதோடு பிசைந்து, நெகிழி வாளியில் காற்றுப் புகாமல் மூடி நிழலில் வைத்து, அவ்வப்போது மூடியைச் சற்றே தளர்த்தி மூடுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஆனதும் தேன் நிறத்தில் பழவாடையோடு ஒரு சாறு பிரிந்து நிற்கும். அதை வடிகட்டி, ஒரு லிட்டர் நீருக்கு 5 முதல் 10 மில்லி கலந்து செடிகளுக்குத் தெளிக்கலாம். கறிவேப்பிலைச் செடி இதற்கு நன்றாகத் துளிர்க்கும்.

வடை சுட்ட எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாயில் ஊற்றாதீர்கள். அது குழாய்க்குள் உறைந்து, பின்னால் வரும் சோற்றுப் பருக்கையையும் முடியையும் பிடித்துக்கொள்ளும். ஆறிய எண்ணெயைப் புட்டியில் சேர்த்து மூடி வையுங்கள். கடாயைப் பழைய தாளால் துடைத்துவிட்டுக் கழுவினால் சோப்பும் நீரும் குறையும்.

நீரைப் பற்றிச் சொல்வதானால், கடலோர ஊரில் ஆழ்துளைக் கிணற்றில் அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு நீர் உள்ளே ஏறும். அதற்கு மாற்று, வானத்து நீரைக் கிணற்றுக்குள் இறக்குவதுதான். நூறு சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர். புரட்டாசிக்குள் மாடியைப் பெருக்கி, குழாய் வாயில் வலை கட்டி, வடிகட்டும் குழியிலுள்ள மணலையும் ஜல்லியையும் எடுத்துக் கழுவிப் போடுங்கள். முதல் மழை நீரில் தூசியும் காக்கை எச்சமும் இருக்கும். அதை வெளியே விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து குழியின் பக்கம் திருப்புங்கள்.