டோனர் கார்ட்ரிட்ஜ்: உள்நாட்டுத் தயாரிப்பைப் பார்த்து வாங்குவது எப்படி

தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். லேசர் பிரின்டர் நான்கு: கேனான் எல்பிபி 2900 இரண்டு, ஹெச்பி 1020 ஒன்று (இவை மூன்றிலும் 12ஏ வகை கார்ட்ரிட்ஜ்), ஹெச்பி எம்1136 ஒன்று (இதில் 88ஏ). பட்டா மாறுதல் மனு, வருமானச் சான்று, ஆதார் நகல், தேர்வு ஹால் டிக்கெட் என்று நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் டோனர், அதாவது லேசர் பிரின்டரில் மைக்குப் பதிலாக ஓடும் தூள், எனக்கு வீட்டுக்கு அரிசி மாதிரி, தீரவும் கூடாது, மோசமாகவும் இருக்கக் கூடாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், பள்ளி அட்மிஷன் நேரத்தில், விலை குறைவாக இருக்கிறதே என்று ஆன்லைனில் இறக்குமதி கம்பேட்டிபிள் (பிரின்டர் கம்பெனி அல்லாமல் வேறொருவர் செய்த) 88ஏ கார்ட்ரிட்ஜ் பத்து வாங்கினேன். முதல் கார்ட்ரிட்ஜிலேயே தாளின் வெள்ளைப் பகுதி சாம்பல் பூசியது போல வந்தது. மூன்றாவது, பெட்டியைப் பிரிக்கும்போதே தூள் கொட்டியது. டிசி நகல் எடுக்க வந்த ஒரு அம்மா, "என்னப்பா, மழையில நனைஞ்ச மாதிரி இருக்கு, இத ஸ்கூல்ல வாங்குவாங்களா?" என்று கேட்டார், பதில் சொல்ல முடியவில்லை. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், தயாரித்தவர் பெயர் இல்லை, இறக்குமதி செய்தவர் முகவரி இல்லை, ஒரு போன் நம்பர் கூட இல்லை. விற்றவரின் பக்கமும் ஒரு வாரத்தில் காணாமல் போய்விட்டது. அதிலிருந்து உள்நாட்டில் செய்ததைத்தான் தேடி வாங்குகிறேன். அதை எப்படித் தேடுவது என்பதுதான் இங்கே எழுதுவது, ஏனென்றால் மூவர்ணம் அடித்த பெட்டியெல்லாம் உள்நாட்டுச் சரக்கு கிடையாது.

முதலில் பெட்டியைப் படியுங்கள். 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகளின்படி, சில்லறையில் விற்கும் பொட்டலத்தில் தயாரித்தவரின் பெயரும் முகவரியும், எண்ணிக்கை, தயாரித்த மாதம் வருடம், எல்லா வரியும் சேர்ந்த எம்ஆர்பி, புகார் சொல்ல ஒரு தொடர்பு எண் ஆகியவை இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் முகவரியும் எந்த நாட்டில் செய்தது என்பதும் இருக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது ஒரு சொல்தான். 'மார்க்கெட்டட் பை' என்று மட்டும் போட்டு டெல்லி, மும்பை முகவரி கொடுத்திருந்தால் அது விற்பவரின் முகவரி, செய்தவரின் முகவரி அல்ல. 'பேக்டு பை' என்றால் யாரோ செய்ததை இவர்கள் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். 'மேனுஃபாக்ச்சர்டு பை' என்று போட்டு, தொழிற்பேட்டை, பிளாட் எண் என்று முழு முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் பொருளின் விவரப் பகுதியில் எந்த நாட்டுத் தயாரிப்பு என்ற வரியைத் தேடிப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

அந்தத் தொடர்பு எண்ணுக்கு ஒரு தடவை கூப்பிட்டுப் பேசுங்கள், வாங்குவதற்கு முன்னாலேயே. நான் மூன்று கேள்வி கேட்பேன்: தூள் எங்கே செய்தது, டிரம் (எழுத்தைத் தூளில் உருவாக்கித் தாளுக்கு மாற்றும் உருளை) புதிதா பழையதா, பக்க எண்ணிக்கை எந்த அளவுகோலில் சொல்கிறீர்கள். நேர்மையான ஆள் மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்வார். சிப் (கார்ட்ரிட்ஜை பிரின்டருக்கு அடையாளம் காட்டும் சில்லு), டிரம் போன்றவை வெளிநாட்டிலிருந்து வருகின்றன என்று அவரே ஒப்புக்கொண்டால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அதுதான் நிலைமை. முழுக்க முழுக்க இங்கேயே செய்தது என்று அடித்துச் சொல்பவரிடம்தான் நான் இன்னும் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்பேன். தூள் விஷயத்தில் நமக்குக் குறை இல்லை. உத்தரப்பிரதேசத்தின் ராம்பூரிலும் உத்தராகண்டின் சிதார்கஞ்சிலும் ஆலை வைத்து இந்தியன் டோனர்ஸ் அண்ட் டெவலப்பர்ஸ் நிறுவனம் பல வருடமாக டோனர் தூள் செய்கிறது. கார்ட்ரிட்ஜின் உயிரே தூளில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் பிசின், இரும்பு ஆக்சைடு, மெழுகு எல்லாம் சேர்ந்த, சில மைக்ரான் அளவுள்ள பொடி அது. டிரம்மில் ஒட்டி, தாளுக்கு மாறி, பிரின்டரில் தாளைச் சூடாக்கும் பகுதியான ஃபியூசரின் சூட்டில் உருகிப் பிடிக்க வேண்டும். பொடியின் அளவு ஒரே சீராக இல்லாவிட்டால் வெள்ளையில் சாம்பல் படியும், உருகும் சூடு பொருந்தாவிட்டால் எழுத்து விரலோடு வந்துவிடும்.

பக்க எண்ணிக்கை பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 12ஏ கார்ட்ரிட்ஜுக்கு 2,000 பக்கம், 88ஏவுக்கு 1,500 பக்கம் என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. கருப்பு வெள்ளை லேசருக்கு இதை அளக்க ஐஎஸ்ஓ/ஐஇசி 19752 என்று ஒரு தரமுறையே இருக்கிறது. பேச்சுவழக்கில் 5 சதவீதம் என்பார்கள், அதாவது தாளில் இருபதில் ஒரு பங்கு மட்டும் மை படும் பக்கம். நம் கடையில் அப்படிப்பட்ட பக்கம் எங்கே வருகிறது? நெருக்கமாக அடித்த தமிழ் மனு, போட்டோவோடு ஆதார் நகல் எல்லாம் அதைத் தாண்டும். ஆகவே 12ஏவில் 2,000 வரவில்லை என்று தயாரிப்பாளரைத் திட்டாதீர்கள். பழைய கார்ட்ரிட்ஜ் உங்கள் கடையில் எத்தனை பக்கம் கொடுத்தது என்பதோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

விலையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஒரு கணக்குக்கு, 400 ரூபாய் கார்ட்ரிட்ஜ் 900 பக்கம் ஓடினால் பக்கத்துக்கு 44 பைசா. 500 ரூபாய் கார்ட்ரிட்ஜ் 1,600 பக்கம் ஓடினால் 31 பைசா. நூறு ரூபாய் கூடக் கொடுத்தவருக்குத்தான் லாபம். ஜிஎஸ்டி 18 சதவீதம், பில்லோடு வாங்குங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், நாளைக்குத் தூள் கொட்டும்போது மாற்றித் தர மாட்டார் என்று இன்றைக்கே சொல்கிறார் என்று அர்த்தம்.

மொத்தமாக வாங்காதீர்கள். முதலில் ஒன்று. வந்ததும் பிரிக்காமல் சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள், அடுத்த லாட் வரும்போது ஒப்பிட உதவும். பிரித்தால் புது கார்ட்ரிட்ஜில் இழுக்கும் சீல் டேப் இருக்க வேண்டும். டேப் இல்லை, ஓரத்து பல்சக்கரத்தில் தேய்ந்த தடம், டிரம் முனையில் மெல்லிய வளையக் கோடு, ஸ்க்ரூ தலையில் கீறல், இதெல்லாம் தெரிந்தால் பழைய கூட்டில் தூள் நிரப்பிப் புதுசு என்று தந்திருக்கிறார்கள். டிரம்மைப் பார்க்கும்போது வெயில் படாத இடத்தில், ஒரு நிமிடத்துக்குள் பார்த்து மூடிவிடுங்கள், அதற்கு வெளிச்சம் ஆகாது. டேப்பை இழுப்பதற்கு முன் படுக்கை வாக்கில் ஐந்தாறு தடவை மெல்ல அசைத்துவிட்டு, அப்புறம் டேப்பை நேராக, ஒரே இழுப்பில் இழுங்கள்.

அடுத்து சோதனைப் பக்கம். நான் ஒரு பக்கம் தயாரித்து வைத்திருக்கிறேன், மேலே முழுக் கருப்புக் கட்டம், நடுவில் வெளிர் சாம்பலிலிருந்து அடர் சாம்பல் வரை பட்டைகள், கீழே 6 பாயின்ட் தமிழ் எழுத்து. 'ண', 'ணை', 'ஞ' போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைபடாமல் வருகிறதா என்று அதில் பார்த்துவிடலாம். பத்துத் தாள் விட்ட பிறகு பத்தாவது தாளை எடுத்து, அச்சடிக்காத தாளோடு பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள், சாம்பல் படிந்தால் உடனே தெரியும். கருப்புக் கட்டத்தின் நடுவே தாளை மடித்து நகத்தால் தேய்த்து விரியுங்கள். மடிப்பில் லேசான கோடு வருவது சகஜம், பொடி பொடியாக உதிர்ந்தால் அந்தத் தூள் உங்கள் பிரின்டரின் சூட்டுக்குப் பொருந்தவில்லை. ஒரே புள்ளி தாளில் திரும்பத் திரும்ப வந்தால் ஸ்கேல் வைத்து அளங்கள். 12ஏவில் சுமார் 75 மில்லிமீட்டருக்கு ஒரு தடவை வந்தால் டிரம்மில் காயம், சுமார் 38க்கு ஒரு தடவை என்றால் டிரம்முக்கு மின்னூட்டம் தரும் சார்ஜ் ரோலரில் கோளாறு. "பிரின்ட் சரியில்லை" என்று சொல்வதை விட இந்த அளவைச் சொல்லிப் பாருங்கள், டீலர் மறுபேச்சு பேச மாட்டார். இப்போது நான் வாங்கும் தயாரிப்பாளரிடம் ஒரு தடவை அப்படித்தான் சொன்னேன், தாளை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார், நான்காம் நாள் மாற்றுக் கார்ட்ரிட்ஜ் கடைக்கு வந்துவிட்டது. முகவரி உள்ள ஆளிடம் வாங்குவது இதற்காகத்தான்.

எல்லா பிரின்டருக்கும் இது சரிப்படாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாடல் எண்ணின் கடைசியில் 'இ' என்று இருந்து, 'ஹெச்பி பிளஸ்' என்ற ஹெச்பியின் திட்டத்தில் சேர்த்து இயக்கிய பிரின்டர், ஹெச்பியின் சொந்தக் கார்ட்ரிட்ஜ் தவிர வேறு எதையும் ஏற்காது. சில புது மாடல்களில் மென்பொருள் அப்டேட் வந்த மறுநாள், நேற்று வரை ஓடிய கம்பேட்டிபிள் சிப்பை பிரின்டர் மறுத்துவிடும். அதனால் வாங்கும்போதே, உங்கள் மாடலுக்குச் சிப் மறுக்கப்பட்டால் மாற்றித் தருவீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என் கடையில் உள்ள பழைய மாடல்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. வாரன்டி நடப்பில் இருக்கும் பிரின்டர் என்றால் வாரன்டி அட்டையைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். வெளி கார்ட்ரிட்ஜால்தான் பழுது என்று தெரிந்தால் அந்தப் பழுதைச் சரிசெய்ய உங்களிடம் காசு கேட்பார்கள்.

மத்திய அரசு அலுவலகங்களுக்கு வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேக் இன் இந்தியா முன்னுரிமைக் கொள்முதல் ஆணை 2017இல் வந்தது. உள்நாட்டுப் பங்கு 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் முதல் வகை சப்ளையர், 20க்கு மேல் 50க்குள் என்றால் இரண்டாம் வகை. டோனர் கொடுப்பவரிடம் அந்தச் சதவீதத்தை எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பெட்டியில் சும்மா அடித்த வாசகத்தை விட அதற்குப் பலம் அதிகம்.

வாங்கியதை நிழலில், படுக்கை வாக்கில் வையுங்கள், தகரக் கூரைக்கு அடியில் அடுக்காதீர்கள், சூட்டில் தூள் கட்டிபிடிக்கும். கொட்டிவிட்டால் உலர்ந்த துணியால் துடையுங்கள். துணியில் பட்டால் குளிர்ந்த தண்ணீர், வெந்நீர் பட்டால் கறை போகாது. தீர்ந்த கூட்டைக் குப்பையில் போட வேண்டாம், மின்கழிவு விதிகளில் பிரின்டரோடு கார்ட்ரிட்ஜும் வருகிறது. நான் கூட்டின் முதுகில் மார்க்கரால் மாட்டிய தேதி, கழற்றிய தேதி, ஓடிய பக்கம் மூன்றையும் எழுதி டீலரிடம் திருப்பிக் கொடுக்கிறேன், அவரும் அதைப் பார்த்துத்தான் அடுத்த லாட்டுக்கு ஆர்டர் போடுகிறார்.