வேற்றுக் கோளில் வாழப் பழகும் மனிதர்களின் கதை: தொடக்க எழுத்தாளர்களுக்கான செய்முறை

தொலைதூரக் கோள் ஒன்றில் இறங்கும் ஆய்வுக் குழுவின் கதையை மூன்று முறை எழுதிக் கிழித்த பிறகே எனக்கு வழி பிடிபட்டது. கோளை முதலில் எண்களால் அமைக்க வேண்டும். அந்த எண்கள் மனித உடலை என்ன செய்யும் என்று கணக்கிட வேண்டும். கதை அதிலிருந்து பிறக்க வேண்டும். கதைமாந்தரும் உரையாடலும் உங்களுக்குக் கைவரும் என்று கொண்டு, நேரே கோளுக்குச் செல்கிறேன்.

படி 1: ஈர்ப்பு. புவியின் நிறை, ஆரம் ஆகிய இரண்டையும் 1 என்று வைத்துக்கொண்டு, உங்கள் கோளின் நிறையை அதன் ஆரத்தின் இருமடியால் வகுத்தால் ஈர்ப்பு கிடைத்துவிடும். நிறை 3, ஆரம் 1.4 என்றால் விடை ஏறத்தாழ 1.5. புவியில் 60 காட்டும் எடைப்பொறி அங்கே 90ஐத் தாண்டும். இதயம் கூடுதலாக உழைக்கும், இடறி விழுந்தால் எலும்பு முறியும். ஈர்ப்பே உணரப்படாத விண்வெளி நிலையத்தில் இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை குறையக்கூடும் என்பதால்தான் விண்வெளி வீரர்கள் நாள்தோறும் இரண்டு மணி நேரம் வரை உடற்பயிற்சி செய்கிறார்கள்.

இந்தக் கணக்குகளுக்கு ஒரு விரிதாள் போதும். உலகங்களைப் படைத்துத் தரும் மென்பொருள்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை நூறு எண்களைக் கொட்டுமே தவிர, எந்த எண் எதிலிருந்து வந்தது என்பது உங்கள் மனத்தில் பதியாது.

படி 2: காற்று. நான் தவறியது இங்கேதான். என் கோளின் காற்றில் 21 விழுக்காடு ஆக்ஸிஜன் இருந்தது. ஆகவே என் குழுவினர் தலைக்கவசத்தைக் கழற்றி ஆழ்ந்து மூச்சிழுத்தார்கள். அதே கதையில், இரண்டு பக்கங்களுக்கு முன்பு, அங்குள்ள வளியழுத்தம் புவியினுடையதில் மூன்றில் ஒரு பங்கு என்று நானே எழுதியிருந்தேன். நுரையீரல் விழுக்காட்டைப் பார்ப்பதில்லை. ஆக்ஸிஜன் தனியே தரும் அழுத்தத்தையே, அதாவது பகுதி அழுத்தத்தையே, அது உணர்கிறது. கடல் மட்டத்தில் வளியழுத்தம் 101 கிலோபாஸ்கல் (கிலோபாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு); அதில் 21 விழுக்காடு என்பது ஏறத்தாழ 21 கிலோபாஸ்கல். என் கோளிலோ 34இல் 21 விழுக்காடு, அதாவது வெறும் 7. அது எவரெஸ்ட் உச்சியின் நிலை. பழக்கமில்லாத ஒருவரை அங்கே திடீரென்று இறக்கிவிட்டால் சில நிமிடங்களில் நினைவிழப்பார்.

ஆகவே மொத்த அழுத்தத்தையும் ஆக்ஸிஜன் விகிதத்தையும் விரிதாளில் அடுத்தடுத்த கட்டங்களில் எழுதிப் பெருக்குங்கள். விடை 16க்கும் 40க்கும் இடையில் இருந்தால் மனிதர் மூச்சுவிடலாம். 50ஐத் தாண்டினால் நாளடைவில் நுரையீரல் புண்படும். கரியமில வாயுவையும் மறந்துவிடாதீர்கள்: புவியின் அழுத்தத்தில் அது 5 விழுக்காடு இருந்தாலே மூச்சிரைப்பும் தலைவலியும் வந்துவிடும். நான் ஆக்ஸிஜனை 60 விழுக்காடாக உயர்த்தி என் குழுவைக் காப்பாற்றினேன். ஆனால் அத்தகைய காற்றில் சிறு பொறியும் பெருந்தீயாகும் என்பதால், நெருப்பு பற்றிய அச்சமே கதையின் மையமாகிவிட்டது.

படி 3: பகலும் இரவும். செவ்வாயின் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம். 1997இல் பாத்ஃபைண்டர் விண்கலத்தை இயக்கிய குழுவினர் செவ்வாய் நேரப்படி பணியாற்றியபோது, அவர்களுடைய வேலை நேரம் நாள்தோறும் 40 நிமிடம் தள்ளிப்போனது. இவ்வளவு சிறிய வேறுபாடே உறக்கத்தைக் குலைக்கும் என்றால், 60 மணி நேரப் பகல் உள்ள கோளில் எப்போது உறங்குவது என்பதை உங்கள் குழு முதல் வாரத்திலேயே முடிவு செய்தாக வேண்டும்.

படி 4: பழகுதல். தொடக்க எழுத்தாளர் பலரும் பழக்கத்தையும் பரிணாமத்தையும் குழப்பிக்கொள்கிறார்கள். உயரமான மலைக்குச் செல்பவரின் உடலில் சில வாரங்களில் சிவப்பணுக்கள் பெருகுவது பழக்கம். திபெத்தியரிடம் மெல்லிய காற்றுக்கு ஏற்ற மரபணு வகை பரவியிருப்பதோ பல தலைமுறைகளின் விளைவு. எனவே உங்கள் விஞ்ஞானிக்கு ஓராண்டில் செவுள் முளைக்க வைக்காதீர்கள். முதல் நாள், முப்பதாம் நாள், ஓராண்டு என மூன்று வரிசைகள் இட்டு, உடல் எதைக் கற்றது என்பதையும், அதற்கு ஈடாக அந்த மனிதர் எதைச் செய்வதை நிறுத்திக்கொண்டார் என்பதையும் எதிரெதிரே எழுதுங்கள். இரண்டாவதே கதைக்கு உணவு.

பின்சேர்க்கை: இதைப் பின்பற்றிய வாசகர் ஒருவர் எதிர்த் திசையில் சென்று, மூன்று மடங்கு அழுத்தமும் 7 விழுக்காடு ஆக்ஸிஜனும் எஞ்சியது நைட்ரஜனுமாக ஒரு கோளை அமைத்திருந்தார். பகுதி அழுத்தம் 21தான், மூச்சுக்குக் குறையில்லை. ஆனால் எரிதலுக்கு விழுக்காடும் முக்கியம் என்பதால் அங்கே தீ மூட்டுவது மிகக் கடினம். எண்ணை மாற்றட்டுமா என்று கேட்டார். மாற்ற வேண்டாம் என்று எழுதினேன். அவருடைய குழுவின் மின்கலங்கள் தீர்ந்துபோகும் இரவிலிருந்து கதையைத் தொடங்கும்படியும் கேட்டுக்கொண்டேன்.