அப்பா பென்ஷன் அம்மாவுக்கு மாறணும்னா

அப்பா 2004க்கு முன்னாடி சென்ட்ரல் கவர்மென்ட் வேலைல சேர்ந்தவரா, இன்னைக்கே பீரோவைத் தொறந்து பிபிஓவை, அதாவது பென்ஷன் பேமென்ட் ஆர்டரை எடுத்துப் பாருங்க, அம்மா பேரு ஆதார்ல இருக்கிற மாதிரியே அதுல இருக்கணும், எங்க வீட்ல ஒண்ணுல லட்சுமி இன்னொண்ணுல மகாலட்சுமி, அதுக்கே மாசக்கணக்கா அலைஞ்சோம். பென்ஷன் அக்கவுண்டை அம்மாவோட ஜாயின்டா வெச்சுக்கோங்க.

அவர் தவறிட்டா டெத் சர்டிபிகேட்டோட பேங்க்ல எழுதிக் கொடுக்கணும். அம்மாவுக்கு மாசா மாசம் கிடைக்கிறது அப்பாவோட கடைசி பேசிக் சம்பளத்துல 30%, குறைஞ்சது 9000 ரூபா, அதுக்கு மேல டிஏ (அகவிலைப்படி). ரிடையர் ஆனப்புறம் இறந்திருந்தா, இறந்த நாள்ல இருந்து 7 வருஷம், இல்ல அவருக்கு 67 வயசு ஆகிற தேதி, எது முதல்ல வருதோ அதுவரைக்கும் 50%, ஆனா அவர் வாங்கின பென்ஷனைத் தாண்டாது.

அம்மாவுக்குன்னு சொந்த பென்ஷன் இருந்தாலும் இதையும் சேர்த்து வாங்கலாம், கவுண்டர்ல யாராச்சும் முடியாதுன்னா அப்படியே திரும்பி வந்துடாதீங்க. வருஷா வருஷம் நவம்பர்ல லைஃப் சர்டிபிகேட் கொடுக்கணும், போன்லயே முகத்தைக் காட்டி முடிச்சிடலாம்.