குளிர்கால விறகை மார்ச்லயே அடுக்கிடுங்க

கோத்தகிரியில நவம்பர் கடைசியில விறகுக் கடைக்கு ஓடுறவங்களைப் பார்த்தா எனக்கு ஒண்ணு தோணும்: இவங்க பாதி காசுக்குத் தண்ணி வாங்குறாங்க. இங்க விறகை எடை போட்டுத்தான் விக்கிறாங்க. புதுசா வெட்டின மரத்துல எடையில கிட்டத்தட்டப் பாதி தண்ணிதான். அதோட ரெண்டு மாச மழையும் சேர்ந்து ஊறினதை வாங்கிட்டு வந்து கணப்புல போட்டா, முதல்ல புகை, அப்புறம் கண்ணெரிச்சல். சூடு வர்றதுக்குள்ள தூக்கம் வந்துடும்.

மலையில விறகு நல்லா காயறது ஜனவரியில இருந்து மே வரைக்கும்தான். ஜூன்ல தென்மேற்கு தொடங்கும். அவலாஞ்சி, கூடலூர் பக்கம் கொட்டுற மாதிரி எங்களுக்குக் கொட்டாதுதான், ஆனா சாரலும் மேகமும் விடாது. அக்டோபர்ல வடகிழக்கு. கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் அதுதான் பெருமழை. அது ஓய்ஞ்சு வானம் தெளியற சமயம் உறைபனி வந்து நிக்கும். அதனால அடுத்த குளிருக்கான விறகு பிப்ரவரி, மார்ச்லயே வீட்டுக்கு வந்துடணும்.

எவ்வளவு வேணும்னு கேட்டா எங்க வீட்டுக் கணக்கைச் சொல்றேன். சாயங்காலம் மூணு நாலு மணி நேரம் கணப்பு எரிய காஞ்ச விறகு 10 கிலோ போகும். டிசம்பர் நடுவுல இருந்து பிப்ரவரி முடிய 75 நாள்னு வைங்க, முக்கால் டன். பச்சையா வாங்கினா ஒரு டன்னுக்கு மேல எடுத்தாத்தான் காஞ்சு முக்கால் டன் மிஞ்சும். ஒண்ணேகால் அடி நீளத்துல அறுத்த துண்டா இருந்தா, 4 அடி உயரம், 12 அடி நீளத்துல ஒத்தை வரிசையில அடங்கிடும். ஒரு சுவரோரம் போதும்.

மரத்துல எனக்குச் சீகைதான் முதல், வாட்டில்னு சொல்வாங்களே அது. கனமான கட்டை, தணல் ரொம்ப நேரம் நிக்கும், கோடாலிக்கும் அடங்கும். கற்பூர மரமும், அதாவது யூகலிப்டஸும், நல்லா எரியும், ஆனா அதுக்கு ஒரு குணம்: நார் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கும். பச்சையில பிளந்துட்டீங்கன்னா பிழைச்சீங்க. காய விட்டுட்டு அப்புறம் பிளக்கலாம்னு போனா, ஆள்கூலி விறகு விலையை மிஞ்சும். லோடு இறங்கின வாரத்துலயே பிளந்துடணும். அதுலயும் பிளக்க வராத கணுக்கட்டைகளோட மல்லுக்கட்டாதீங்க. தனியா ஒதுக்கி வைங்க, நல்லா தணல் பிடிச்ச பிறகு ஒண்ணைப் போட்டா ராத்திரி வரைக்கும் தாங்கும். சில்வர் ஓக் சீக்கிரம் காயும், சீக்கிரம் எரிஞ்சும் போயிடும். பத்த வைக்க ஆகும், உட்கார்ந்து குளிர்காய ஆகாது.

சொந்தப் பட்டாவுல நிக்கிற மரம்தானேன்னு கோடாலியைத் தூக்காதீங்க. 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி கலெக்டர் தலைமையில இருக்கிற குழுகிட்ட அனுமதி வாங்கணும். விறகு டிப்போவுல ரசீதோட வாங்குறது தலைவலி இல்லாத வழி.

எங்க அடுக்குறதுன்றதுலதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. தோட்டத்து மூலையில இடம் சும்மா கிடக்குதேன்னு அங்க கொண்டுபோய் அடுக்கிடுவாங்க. மார்ச்ல பகல் வெயில்ல அது நல்ல இடம்தான். ஜனவரியில சாயங்காலம் ஏழு மணிக்கு, டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு அங்க போயிட்டு வாங்க பார்க்கலாம். எங்க பக்கம் இருட்டினா கரடி வரும், காட்டெருமை வரும், நாயைத் தேடிச் சிறுத்தையும் வரும். பின்வாசல் கதவுல இருந்து பத்தடிக்குள்ள, லைட் வெளிச்சம் விழுற இடமா பாருங்க. கொஞ்சம் வெயில் குறைஞ்ச இடமானாலும் காத்து ஓடினா போதும். லாரி நிக்கிற இடத்துக்கும் அது பக்கமா இருந்துட்டா அதிர்ஷ்டம், ஏன்னா ஒவ்வொரு தடவை கைமாறும்போதும் அந்த ஒரு டன்னை நீங்கதான் தூக்குறீங்க.

தரையில நேரா வைக்கக் கூடாது, அடி வரிசை அப்படியே இத்துப்போகும். ஹாலோ பிளாக் கல்லை அரையடி உயரத்துக்குப் போட்டு, மேல ரெண்டு நீளக் கழியைக் கிடத்தி, அதுக்கு மேல அடுக்குங்க. சுவருக்கும் விறகுக்கும் நடுவுல 4 அங்குலம் விடுங்க. சீகையில வண்டு துளைச்சு மாவு மாதிரி கொட்டும். அதனால மர ஜன்னல், மரத்தூண் ஓரத்துல அடுக்கவே வேண்டாம். ரெண்டு முனையிலயும் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமா வெச்சுத் தூண் மாதிரி எழுப்பிட்டா நடுவுல உள்ளது சரியாது. 4 அடிக்கு மேல ஏத்தாதீங்க. எனக்கு முழங்கால் வலி, அதனால பெரிய கட்டையெல்லாம் இடுப்பு உயரத்துல வர்ற மாதிரி அடுக்கச் சொல்லிடுவேன். எங்க வீட்டுக்காரர் பார்வைக்கு அழகா, சந்து தெரியாம நெருக்கி அடுக்குவார். அழகுதான், ஆனா உள்ளே காத்து போகாது. கொஞ்சம் கோணல்மாணலா இருக்கிற அடுக்குதான் சீக்கிரம் காயும்.

மேல தகர ஷீட் போடுங்க, முன்பக்கம் ஒரு அடி நீட்டிக்கிட்டு, சரிவும் முன்பக்கமா. தார்ப்பாயை எடுத்து மொத்தமா மூடிக் கட்டுறவங்க நிறைய பேர். உள்ளே இருக்கிற ஈரம் வெளிய போக வழியில்லாம வேர்த்து, ஒரு மாசத்துல வெள்ளைப் பூஞ்சணம் பூத்துடும். பக்கவாட்டுல திறந்தே கிடக்கட்டும். சாரல் அடிக்கிற பக்கம் மட்டும் தார்ப்பாயைத் தொங்க விடுங்க: ஜூன்ல இருந்து மேற்குப் பக்கம், அக்டோபர் பிறந்ததும் கழட்டிக் கிழக்குப் பக்கம். அப்பவும் கீழ ஒரு அடி காத்துக்குத் திறந்து விடணும்.

காஞ்சிடுச்சான்னு பார்க்க, லோடு வந்த அன்னிக்கே ஒரு துண்டுல சாக்பீஸ்ல குறி போட்டு எடை பார்த்து எழுதி வைங்க. அதை அடுக்கோட நடுவுல, கைக்கு எட்டுற மாதிரி சொருகுங்க. மாசாமாசம் எடை போடுங்க. ஏப்ரல், மே வெயில்லயே எடை இறங்குறது நின்னுடுச்சுன்னா காஞ்சிடுச்சுன்னு அர்த்தம். மழையில நின்னா அதை நம்பாதீங்க, அப்போ காத்துலயே ஈரம். ஈரம் பார்க்கிற மீட்டர் வெச்சிருக்கிறவங்க, பிளந்த புதுப் பக்கத்துல குத்திப் பார்க்கணும். 20 சதவீதத்துக்குக் கீழ வந்தா எரிக்கலாம். ரெண்டும் இல்லைன்னா ரெண்டு துண்டை மோதுங்க, காஞ்சது கணீர்னு கேட்கும், ஈரமானது தொப்புன்னு விழும்.

குளிர் தொடங்கினதும் ஒரு வாரத்து விறகை வராந்தாவுக்கு மாத்திடுவேன். கணப்புப் பக்கத்துல ஒரு மரப்பெட்டி, அதுல அன்னிக்கு வேண்டியது மட்டும். பெட்டியை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள நிரப்பிடணும், அதுக்கப்புறம் கதவைத் திறக்கிற வேலையே இருக்கக் கூடாது. கணப்புக்கும் பெட்டிக்கும் 3 அடி இடைவெளி. பொறி தெறிக்கிறது கண்ணுக்குத் தெரியாது. வீட்டுக்குள்ள ஒரு மாசத்துக்குச் சேர்த்து வைக்கிறது வேண்டாம், பூச்சியும் பூஞ்சண வாடையும் கூடவே குடிவரும்.

பத்த வைக்கிற சமாச்சாரத்துக்கு எங்க ஊர்ல பஞ்சமில்ல. தேயிலை கவாத்து வெட்டினதும் மிலாறு கட்டுக்கட்டா கிடைக்கும், விரல் தடிமன்ல, உள்ளே நல்ல கெட்டியா. கற்பூர மரத்துல இருந்து தானா உரிஞ்சு விழுற பட்டையும் பிரமாதம். இதையெல்லாம் மூடி போட்ட பெயிண்ட் டப்பாவுல வைங்க, திறந்து வெச்சா ராத்திரி மேகத்துலயே நமுத்துப் போகும். கற்பூர இலையைக் கட்டு கட்டா உள்ள போடாதீங்க, தைலம் குப்புன்னு பிடிச்சுப் புகைக்கூண்டு வரைக்கும் தீ ஏறும்.

மீந்த தணலைச் சட்டியில அள்ளிப் படுக்கையறைக்குக் கொண்டுபோற பழக்கம் இன்னும் இருக்கு. சாத்தின அறையில தணல்ல இருந்து வர்ற விஷக்காத்து ஆளைக் கொன்னுடும். சாம்பலை மூடி உள்ள தகர டின்ல போட்டு வெளிய, விறகுக்குத் தள்ளி வைங்க. உள்ளே தணல் மறுநாள் வரைக்கும் உயிரோட இருக்கும்.

பிப்ரவரியில கொஞ்சம் மிச்சம் விழும். புது லோடு இறங்குறதுக்கு முன்னாடியே அதை எடுத்து வாசல் பக்கத்து முனையில தனியா அடுக்கிடுங்க. புதுசுக்கு அடியில போயிட்டா, ஜூன் மழையில திடீர்னு குளிர் எடுக்கிற அன்னிக்கு ஒரு காஞ்ச துண்டுக்காக மொத்த அடுக்கையும் பிரிக்கணும்.